கையில் எதற்கு இரும்பு?

"இரும்பு எடுங்கடா... இரும்பு!"

நண்பர்களே! இந்த ஆண்டு வகுப்புகள் தொடங்கிய சில வாரங்களில், முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் கேட்ட கூச்சல் இது. லேபுக்குப் போய்க்கொண்டிருந்த நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு தம்பி கீழே விழுந்து கை கால் வெட்டிக்கொண்டிருந்தான். வாயோரம் நுரை. சுற்றிலும் முப்பது பேர். ஒருவன் சாவிக்கொத்தை எடுத்தான். ஒருவன் சுத்தியலையே தூக்கிக்கொண்டு வந்தான்.

எனக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது. விழுந்தவனின் வலது கையில் ஏற்கெனவே அரம் இருந்தது. முக்கால் அடி நீளம், சுத்தமான எஃகு. இரும்பு வலிப்பை நிறுத்தும் என்றால் அவன் விழுந்திருக்கவே கூடாதே!

அரத்தை மெல்ல விடுவித்து அப்பால் தள்ளினேன். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். என் சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் வெட்டு நின்றது. பத்து நிமிடத்தில் "எனக்கு என்ன ஆச்சுண்ணே?" என்று கேட்டான்.

எல்லோரும் பாராட்டினார்கள். "உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?" என்று ஒரு நண்பன் கேட்டான்.

"புஸ்தகத்துல படிச்சேன்" என்றேன்.

அது பொய். அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

* * *

எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். மூன்று ஆண்டுகளாக உங்களோடு படிக்கிறேன். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் "வீட்ல யாரெல்லாம்?" என்று கேட்டபோதெல்லாம் "அப்பா, அம்மா" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு வலிப்பு. அது தெரிந்துவிடுமோ என்ற வெட்கம்.

எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறார். அம்மா பீடி சுற்றுகிறாள். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையில் முதலில் படித்திருக்க வேண்டியவள் அக்கா.

எனக்கு ஐந்து வயது மூத்தவள். எனக்கு 'அ' எழுதச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அது ஆரம்பித்தது. முதலில் விழவெல்லாம் இல்லை. திடீரென்று பேச்சை நிறுத்திவிடுவாள். கண் ஒரே இடத்தில் நிற்கும். வாய் எதையோ மெல்லுவது போல அசையும். விரல்கள் பாவாடை நுனியைப் பிசையும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பிறகு பேந்தப் பேந்த விழிப்பாள்.

பள்ளிக்கூடத்தில் என்ன நினைத்தார்கள் தெரியுமா? வகுப்பில் ஏதோ தின்கிறாள் என்று நினைத்தார்கள்! "வாயில என்ன? துப்பு!" என்று கேட்டால் பதில் வராது. திமிர் என்று பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார்கள். படித்ததெல்லாம் மறந்து போனது. 'மக்கு' என்ற பட்டமும் சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் காலைப் பிரார்த்தனையில் கை கால் வெட்டி விழுந்தாள். அதோடு படிப்பு நின்றது. அம்மாவின் பக்கத்தில் இன்னொரு பீடி முறம் வந்தது.

அக்கா என்னிடம் மட்டும் சொல்லுவாள். "அது வரதுக்கு முன்னாடி வயித்துக்குள்ள இருந்து என்னமோ நெஞ்சுக்கு ஏறும்லே. இதே இடத்துல இதே மாதிரி ஏற்கெனவே உக்காந்திருக்கோம்னு தோணும். பயமா இருக்கும். அப்புறம் ஒண்ணும் தெரியாது."

எட்டு வயசுப் பையனுக்கு என்ன புரியும்? அக்கா கதை சொல்கிறாள் என்று நினைத்தேன்.

* * *

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்து வயது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா அடுப்படியில் விழுந்தாள். பல் கிட்டிவிட்டது. "நாக்கைக் கடிச்சிக்கிடும், வாயில ஏதாச்சும் குடுக்கணும்" என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருந்தேன். எவர்சில்வர் கரண்டியை எடுத்துப் பல்லுக்கு நடுவில் விட்டு நெம்பினேன். முன்பல் பாதி உடைந்து போனது.

அக்கா எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள். அழவில்லை. "கீழ விழுந்ததுல உடைஞ்சிட்டுன்னு அம்மாட்ட சொல்லுதேன். நீ பேசாம இரு" என்றாள். இன்று வரை அம்மாவுக்குத் தெரியாது. அன்றிலிருந்து அக்கா சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள்.

நான் கெட்டவன் இல்லை, நண்பர்களே. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் தெரியாமல் நெம்பினாலும் பல் உடையத்தான் செய்கிறது.

பார்க்காத வைத்தியம் இல்லை. ஒரு இடத்தில் "இது ஹிஸ்டீரியா, கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்று அனுப்பினார்கள். பேய் என்று ஒருவர் வேப்பிலை அடித்தார். மாத்திரை கொஞ்ச நாள் சாப்பிட்டு, கைக்காசு தீர்ந்ததும் நிறுத்தி, மறுபடி வாங்கி... இப்படியே போனது. கடைசியில் ஒரு கோடாங்கி வலது மணிக்கட்டில் இரும்புக் காப்பு ஒன்றைப் பூட்டி, "இதைக் கழட்டவே கூடாது" என்று சொல்லிவிட்டார். ஏழு வருடம் அந்தக் காப்பு அவள் கையில் கிடந்தது. அந்தக் கையால்தான் தினமும் பீடி இலை வெட்டும் கத்தரியைப் பிடித்தாள். காப்பு இரும்பு, கத்தரி இரும்பு. வலிப்பு மட்டும் நிற்கவில்லை.

* * *

நான் பாலிடெக்னிக் இரண்டாமாண்டு வந்தபோதுதான், மதுரையில் நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் அக்காவைக் கூட்டிப் போனோம். அவர் முதலில் கேட்ட கேள்வியே எங்களைத் தூக்கிவாரிப் போட்டது.

"சின்னப் பிள்ளையா இருக்கும்போது காய்ச்சல்ல ஃபிட்ஸ் வந்துச்சாம்மா?"

அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு சொன்னாள். நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. அக்காவுக்கு ஒன்றரை வயது. நல்ல காய்ச்சல். திடீரென்று ஜன்னி கண்டு வெட்ட ஆரம்பித்தது. பஸ் போய்விட்டது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளின் பின்னால் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து போயிருக்கிறாள். "டவுனுக்குப் போய்ச் சேந்து ஊசி போடுற வரைக்கும் வெட்டு நிக்கலய்யா. அரைமணி நேரத்துக்கு மேல இருக்கும். வலது கையும் வலது காலும்தான் கூடுதலா வெட்டுச்சு."

டாக்டர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. இரண்டும் எடுக்கச் சொன்னார்.

இங்கேதான் நம் பாடம் வருகிறது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சைத் தலைத்தோலுக்கு மேலிருந்தே பதிவு செய்யலாம் என்று 1929இல் உலகுக்குச் சொன்னவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். கிடைக்கும் சிக்னல் சுமார் 50 மைக்ரோவோல்ட். நம் சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரியின் வோல்டேஜில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் அதைப் பார்க்கவே முடியாது. ஆம்ப்ளிஃபையர் பாடத்தை மார்க்குக்காக மட்டும் படித்த நான், அக்கா தலையில் ஒட்டியிருந்த ஒயர்களைப் பார்த்தபோதுதான் அது எதற்கென்று புரிந்துகொண்டேன்.

எம்.ஆர்.ஐ. இன்னொரு வகை. அந்தக் குழாய்க்குள் இருப்பது மாபெரும் காந்தம். பரவலாக உள்ள இயந்திரங்களின் சக்தி 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு. ஹேர்பின், சாவி, கத்தரி எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பறந்துபோய் ஆளை அடிக்கும்.

"அந்தக் காப்பைக் கழட்டிட்டு வரணும்" என்றார்கள்.

காப்பு கழலவில்லை. பதினைந்து வயதில் பூட்டியது. கை பெரிதாகிவிட்டது. அம்மா, "கழட்டினா பிள்ளைக்கு என்னமும் ஆயிடும்" என்று அழுதாள். அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். அக்கா கையை என் முன்னால் நீட்டினாள்.

"அறுலே" என்றாள்.

காப்புக்கும் தோலுக்கும் நடுவில் தகரத் துண்டு ஒன்றைச் செருகினேன். ஹாக்ஸா பிளேடால் மெதுவாக அறுத்தேன். சூடேறாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தேன். இருபது நிமிடம் ஆனது. முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் கை கொப்பளிக்க அறுத்துப் பழகிய வேலை, எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். காப்பு இருந்த இடத்தில் தோல் வெள்ளையாக இருந்தது. அக்கா அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

படம் வந்தது. நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதிக்கு டெம்போரல் லோப் என்று பெயர். அதன் உட்புறத்தில் சுருண்டு கிடக்கிறது ஹிப்போகாம்பஸ். வடிவத்தைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டிலேயே கடல்குதிரை என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. புதிதாகக் கேட்பதை, படிப்பதை நினைவில் பதிய வைக்கும் இடம் அது.

அக்காவுக்கு வலது கடல்குதிரை நன்றாக இருந்தது. இடது கடல்குதிரை வாடிச் சுருங்கிப் போயிருந்தது. மூளையின் இடது பக்கம்தான் உடம்பின் வலது பக்கத்தை ஆட்டுவிக்கிறது. 'வலது கை கூடுதலா வெட்டுச்சு' என்று அம்மா சொன்னதும் படமும் ஒத்துப்போயின.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நீண்ட நேரம் வலிப்பு நிற்காவிட்டால், அந்த இடத்து நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு இறந்துபோகலாம். இறந்த இடத்தில் தழும்பு உண்டாகும். மிச்சமிருக்கும் நரம்பிழைகள் புதிதாக முளைத்துத் தவறான இடங்களில் போய் இணையும். பல வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் வலிப்பு தலைகாட்டும். நம் விழா மேடையில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தால் 'கூ...' என்று ஊளையிடுமே, அந்த ஃபீட்பேக் மாதிரி என்று நான் மனதுக்குள் வரைந்துகொண்டேன்.

இப்படிப்பட்ட தேய்மானத்தை 1880இலேயே ஜெர்மனியின் சோமர் என்ற மருத்துவர் வலிப்பு நோயாளிகளின் மூளையில் விவரித்திருக்கிறார். அமெரிக்காவில் அரைமணி நேரத்துக்கு மேல் காய்ச்சல் வலிப்பு வந்த 199 குழந்தைகளைச் சேர்த்து நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. அவர்களில் 22 பேருக்கு, வலிப்பு வந்த சில நாட்களுக்குள்ளேயே ஹிப்போகாம்பஸில் மாற்றம் தெரிந்தது. அந்த 22 பேரில் ஓராண்டு கழித்து 14 பேரை மறுபடி படம் எடுத்ததில் 10 பேருக்கு அது சுருங்கித் தழும்பாகியிருந்தது. ஆனால் எல்லாமே வலிப்பால்தான் வந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்த இடத்தில் சிறு குறை இருந்து, அதனால்தான் வலிப்பே நீண்டிருக்கலாம் என்று கருதும் மருத்துவர்களும் உண்டு.

இதைப் படித்துவிட்டு, வீட்டில் தம்பி தங்கைக்குக் காய்ச்சல் வலிப்பு வந்திருந்தால் பயந்துவிடாதீர்கள்! ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நூற்றில் 2 முதல் 5 குழந்தைகளுக்கு அது வருகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும், ஒரு கெடுதலும் செய்யாது. 1976இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 குழந்தைகளை ஏழு வயது வரை பின்தொடர்ந்தார்கள். நல்ல வளர்ச்சியுள்ள குழந்தைக்குச் சாதாரணமாக வந்துபோன காய்ச்சல் வலிப்பு என்றால், பிற்பாடு வலிப்பு நோய் வந்தது ஆயிரத்தில் 11 பேருக்குத்தான். காய்ச்சல் வலிப்பே வராத குழந்தைகளிலும் ஆயிரத்தில் 5 பேருக்கு வந்தது. நீண்ட நேரம் நிற்காத வலிப்புதான் ஆபத்து. ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. இதை மட்டும் மறக்காதீர்கள்.

டாக்டர் பேசி முடித்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போயிருந்தா பிள்ளைக்கு இப்படி ஆயிருக்காதுல்ல?"

"உங்களால முடிஞ்ச வேகத்துலதான போனீங்க. உங்க மேல தப்பே இல்லம்மா" என்றார் டாக்டர்.

இருபது வருடத்துக்கு மேலாக அம்மா அதை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறாள். நான் ஒரு கரண்டியை வைத்திருப்பது போல.

* * *

அக்கா இரண்டு வகை மாத்திரைகளை நேரம் தவறாமல், முழு அளவில் சாப்பிட்டுப் பார்த்தாள். குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. இப்படி இரண்டு சரியான மருந்துகளுக்கும் அடங்காத வலிப்புக்கு, அதுவும் ஒரே இடத்தில் தழும்பு இருந்தால், அறுவை சிகிச்சை ஒரு வழி.

'தலையில கத்தியா?' என்று எங்கள் தெருவே கூடிவிட்டது. நான் நூலகத்திலும் செல்போனிலுமாகத் தேடிப் படித்தேன். நம் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952இலேயே வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்! திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் செய்கிறார்கள். கனடாவில் 80 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து நடந்த ஆய்வு 2001இல் வந்தது. ஓராண்டு முடிவில், அறுவை சிகிச்சைப் பிரிவின் 40 பேரில் 23 பேர் நினைவிழக்கும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்ட 40 பேரில் 3 பேர்தான்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும்வரை அவரால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவரால்தான் நினைவு எங்கே பதிகிறது என்று உலகமே தெரிந்துகொண்டது. அதனால்தான் இப்போது ஒரு பக்கத்தை மட்டும், அதுவும் மறுபக்கம் நன்றாக வேலை செய்கிறதா என்று பலமுறை சோதித்த பிறகே, தொடுகிறார்கள். அக்காவுக்கும் அந்தச் சோதனைகள் முடிந்துவிட்டன. செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். இடது பக்கம் என்பதால் ஞாபகம் இன்னும் கொஞ்சம் குறையலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னாள். "இப்ப மட்டும் எனக்கு எல்லாம் ஞாபகத்துலயா இருக்கு? வரட்டும், பாத்துக்கிடுவோம்."

"கல்யாணம் காட்சி நடக்குமா?" என்று கேட்ட உறவுக்காரர்களுக்கும் ஒரு செய்தி. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க முன்பு இந்துத் திருமணச் சட்டத்தில் இடம் இருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். சட்டம் மாறி இத்தனை வருடம் ஆகியும் நம் வாய்தான் இன்னும் மாறவில்லை.

* * *

நண்பர்களே! நாளை நம் லேபிலோ, பஸ்ஸிலோ, மெஸ்ஸிலோ ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் இதைச் செய்யுங்கள்.

1. பக்கத்தில் மெஷின் ஓடினால் மெயின் சுவிட்சை அணையுங்கள். கூர்மையான பொருள்களை அகற்றுங்கள்.

2. தலைக்கு மெத்தென்று எதையாவது வையுங்கள். காலர், பெல்ட்டைத் தளர்த்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள்.

3. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழிந்துவிடும், மூச்சு அடைக்காது.

4. கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாய்க்குள் எதையும், எதையுமே, விடாதீர்கள். ஒரு பல்லின் கதை உங்களுக்குத் தெரியும்.

5. நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

6. தெளியும் வரை கூடவே இருங்கள்.

விழாமலே, சும்மா வெறித்துப் பார்த்து வாயை மெல்லுகிற ஒருவரைக் கண்டால், அதட்டாதீர்கள். இழுத்துப் பிடிக்காதீர்கள். ஆபத்தான இடமாக இருந்தால் மெல்ல அப்பால் நகர்த்துங்கள். அது திமிர் அல்ல, பேயும் அல்ல.

இரும்பு? பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. வலிப்பு தானாக நின்றது. பெயர் சாவிக்குப் போனது. அவ்வளவுதான் ரகசியம்!

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்காவுக்கு அறுவை சிகிச்சை முடிந்திருக்கலாம், அல்லது தேதிக்குக் காத்துக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் போகிறாளாம். என் பழைய கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறாள். எனக்கு 'அ' சொல்லிக் கொடுத்தவளுக்கு நான் இப்போது அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்கிறேன். மறந்துபோனால் திரும்பச் சொல்கிறேன். மறுபடி மறந்தால் மறுபடியும்.

போன வாரம் இந்தக் கட்டுரையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கரண்டி விஷயம் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. அம்மா பக்கத்தில் இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அதையும் படிலே. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றாள் அக்கா.

சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளவில்லை.

இனி யாராவது "வீட்ல யாரெல்லாம்?" என்று கேட்டால் நான் சொல்வேன்: அப்பா, அம்மா, அக்கா.

— மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை